விஷமம் உண்டோ?

உளவியல் முதுகலை மாணவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம். பாலக்காடு, இடுக்கி எல்லையில் நோயாளி பேசுவது தமிழ். கேட்பவர் என்ன எழுதிக்கொள்கிறார், அதைத் திருத்துபவர் யார் என்பதில்தான் பலருடைய தலையெழுத்து இருக்கிறது.

“விஷமம் உண்டோ?” மலையாளத்தில் இது பரிவான கேள்வி. மனசுக்கு வருத்தமாக இருக்கிறதா என்று பொருள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பாட்டிக்கு அது வேறு மாதிரி கேட்கும். தமிழில் விஷமம் என்றால் குறும்பு, கொஞ்சம் கெட்ட எண்ணமும் கலந்த குறும்பு. இந்த வயதில் தன்னிடம் ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று அவர் முகம் சுருங்கினால் ஆச்சரியமில்லை.

“எந்தா புத்திமுட்டு?” என்பதும் அப்படித்தான். ‘என்ன சிரமம்?’ என்று விசாரிக்கும் சாதாரண வார்த்தை. தமிழ்க் காதில் அது புத்தியில் ஏதோ கோளாறு என்பதுபோல விழும். மனநலப் பிரிவுக்கு வந்ததையே பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கும் ஒருவருக்கு முதல் கேள்வியே இப்படி அமைந்தால் இரண்டாவது கேள்விக்குப் பதில் வராது.

எதிர்த்திசையிலும் இதே கதை. “சங்கடமா இருக்கு” என்று தமிழர் சொன்னால் அது கூச்சமாக இருக்கலாம், இக்கட்டாக இருக்கலாம், வயிற்றைப் புரட்டுவதாகக்கூட இருக்கலாம். மலையாளத்தில் சங்கடம் என்றால் துக்கம். “அவசரம்” என்றால் தமிழில் பதற்றம் கலந்த வேகம், மலையாளத்தில் வாய்ப்பு. இரண்டு மொழிகளும் உடன்பிறப்புகள் என்பதால்தான் இந்தத் தொல்லை. முற்றிலும் புரியாத மொழி என்றால் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவார்கள். பாதி புரியும் மொழியில் யாரும் தேடுவதில்லை.

எதிரே நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பவர் எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கும் மாணவி என்றால், அவர் எழுதும் முதல் வரியிலேயே தவறு நேரலாம். அதில் குற்றமில்லை, கற்க வந்தவர்தான். அந்த வரியைப் படித்துப் பார்த்து, “திரும்பப் போய்க் கேள்” என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் பிரச்சினை.

சட்டத்தில் இருக்கும் சொல்

மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. முன்னவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர், மாத்திரை எழுதுவார். பின்னவர் உளவியல் படித்தவர். நோயாளியுடன் பேசி வரலாற்றை வாங்குவார், சோதனைகள் செய்வார், உளவியல் சிகிச்சை அளிப்பார். ஊரில் இருவரையும் ‘கவுன்சலிங் டாக்டர்’ என்று ஒரே பெயரில் அழைப்பது வழக்கம். சட்டம் அப்படி அழைப்பதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் தகுதி இருக்கவேண்டும். அல்லது உளவியல் முதுகலைக்குப் பிறகு இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். முடித்திருக்கவேண்டும். அந்த எம்.ஃபில். ‘மேற்பார்வையிலான மருத்துவப் பயிற்சி’யை உள்ளடக்கியதாக இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பாடப்புத்தகம் எத்தனை, தேர்வு எத்தனை என்பதைச் சட்டம் குறிப்பிடவில்லை. மேற்பார்வையைக் குறிப்பிடுகிறது.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1896ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் லைட்னர் விட்மர் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். 1949ல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியல் படிப்பவர் ஆராய்ச்சியையும் கற்கவேண்டும், நோயாளிகளிடையே மேற்பார்வையில் பயிற்சியும் பெறவேண்டும் என்று வகுத்தது. இந்தியாவில் 1954ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தது. அடுத்த ஆண்டே மருத்துவ உளவியலில் பட்டயப் படிப்பு அங்கே ஆரம்பமாயிற்று. அந்த நிறுவனம்தான் 1974ல் நிம்ஹான்ஸ் ஆனது. வகுப்பறையிலிருந்து வார்டுக்கு மாணவர்களை அழைத்துப்போகும் மரபு இந்தியாவில் அங்கிருந்துதான் பரவியது.

இப்போது அந்த எம்.ஃபில். படிப்பே விடைபெறும் கட்டத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வி ஆண்டு வரை விதிவிலக்கு தரப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப மறுவாழ்வு கவுன்சில் புதிய பட்டப்படிப்புகளை வகுத்திருக்கிறது. 2025ல் இன்னொரு உத்தரவும் வந்தது. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தபால் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்றது மானியக் குழு. வீட்டிலிருந்தபடியே எம்.எஸ்ஸி. வாங்கலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் காரணம் எளிமையானது. நோயாளியின் எதிரே உட்காராமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது.

வார்டில் நடப்பது

சாதாரண எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு இந்தப் பயிற்சி பெரும்பாலும் சில வாரங்கள்தான். ஆஸ்பத்திரி ஒன்றைத் தேடிப்பிடித்து, கல்லூரியின் கடிதத்துடன் போய் நிற்கவேண்டும். தங்கும் செலவு சொந்தம். சில இடங்களில் பயிற்சிக்கே கட்டணம் உண்டு. கடைசியில் இன்னாரிடம் இத்தனை நாள் பயின்றார் என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும்.

சான்றிதழில் எழுதாத விஷயம் மேற்பார்வையின் தரம். நன்றாக நடக்கும் இடத்தில் முறை இப்படி இருக்கும். முதல் சில நாள் மாணவர் வாய் திறப்பதில்லை. மூத்தவர் பேசுவதைப் பார்க்கிறார். பிறகு நோயாளியின் வரலாற்றை எழுதுகிறார். எப்போது ஆரம்பித்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்குப் போகிறாரா என்று. அடுத்தது மனநிலைப் பரிசோதனை. நோயாளியின் தோற்றம், பேச்சு, எண்ண ஓட்டம், உணர்ச்சி, நினைவாற்றல், தன் நிலை பற்றி அவருக்கே உள்ள தெளிவு எல்லாம் அதில் வரும். அதற்கும் பிறகுதான் சோதனைகள். ஒவ்வொன்றையும் மேற்பார்வையாளர் படிக்கிறார், கேள்வி கேட்கிறார், திருப்பி அனுப்புகிறார். திருத்திய பிறகே கையெழுத்து.

அந்தத் திருத்தலில்தான் பாடம் இருக்கிறது. நோயாளிக்கு ‘சாமி பேசுவது கேட்கிறது’ என்று மாணவர் எழுதியிருப்பார். பக்கத்தில் ‘செவிப்புல மாயை’ என்று குறித்திருப்பார். மேற்பார்வையாளர் கேட்பார்: எப்போது கேட்கிறது? கோயில் கொடையின்போது மட்டுமா, நடுராத்திரியிலுமா? மறுநாள் அந்த அம்மாள் வேலைக்குப் போனாரா? அக்கம்பக்கத்தார் அதை அருள் என்கிறார்களா, பயந்துபோய் விலகுகிறார்களா? திருவிழாவில் சாமியாடிவிட்டு மறுநாள் காலையில் கொழுந்து கிள்ளப் போகும் பெண்ணுக்கும், மூன்று மாதமாக அறையை விட்டு வராமல் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் உள்ள தூரத்தை எந்தப் பாடநூலும் முழுதாகச் சொல்வதில்லை.

“செத்துடலாம் போல இருக்கு” என்பது இன்னொரு சோதனை. தமிழில் இதை அலுப்பிலும் சொல்வார்கள், கோபத்திலும் சொல்வார்கள், உண்மையாகவும் சொல்வார்கள். அனுபவமில்லாத மாணவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: பேச்சுவழக்கு என்று தள்ளிவிடுவார், அல்லது பதறிப்போவார். நேரடியாகக் கேட்கவேண்டும் என்பது பயிற்சியின் அரிச்சுவடி. அப்படி எண்ணியதுண்டா, வழி யோசித்ததுண்டா, வீட்டில் மருந்து இருக்கிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது நிலைபெற்ற அறிவு. ஏலத்தோட்டம் நிறைந்த ஊரில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதையும் கேட்பவர் தெரிந்திருக்கவேண்டும்.

இது வெறும் அச்சமல்ல. தேசிய குற்ற ஆவணப் பதிவகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கேரளத்தில் இது 28.5. தமிழ்நாட்டில் 25.9. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேசிய சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

மலையின் இரு பக்கம்

இந்த எல்லையில் தமிழ் வந்தேறிய மொழி இல்லை. 1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளில் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டுப் போராடியும் கிடைக்கவில்லை, கேரளத்திலேயே தங்கின. பின்னால் 1972ல் உருவான இடுக்கி மாவட்டத்தில் அவை சேர்ந்தன. பாலக்காடு பக்கம், பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்த சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊர்களில் வீட்டிலும் வயலிலும் தமிழ்தான். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. மனு எழுதும் உரிமை கிடைத்துவிட்டது. மனசைச் சொல்லும் வசதி இன்னும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

தோட்டத்துத் தமிழருக்கு மலையாளம் தெரியாது என்பதல்ல. கடையிலும் பஸ்ஸிலும் சரளமாகப் பேசுவார்கள். புதிய தலைமுறை மலையாளப் பள்ளியில் படித்தது. ஆனால் கணவன் குடித்துவிட்டு அடித்ததை, பிள்ளை போனபிறகு சோறு இறங்காததை, கொழுந்துக்கூடை தூக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதைச் சொல்லக் கடைமொழி போதாது. அதற்கு வீட்டுமொழி வேண்டும்.

கேரளத்தின் பொதுச் சுகாதாரம் நாட்டுக்கே முன்மாதிரி என்பதில் சந்தேகமில்லை. 1996ல் மத்திய அரசு தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் கொண்ட குழு ஆஸ்பத்திரியில் காத்திருக்காமல் ஊர் ஊராகப் போய் கிளினிக் நடத்துகிறது. குடும்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய ‘ஆஸ்வாசம்’ என்ற திட்டம் உண்டு. கோழிக்கோட்டில் இம்ஹான்ஸ் நிறுவனம் மருத்துவ உளவியலாளர்களைப் பயிற்றுவிக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் ஷொறணூரில், பேச்சு, மொழி, அறிதிறன் குறைபாடுகளுக்கென்றே அரசின் ஐகான்ஸ் நிறுவனம் இருக்கிறது.

கட்டமைப்பு இருக்கிறது. இந்த ஊர் கிளினிக்குகளைவிட நல்ல பயிற்சிக்களம் ஓர் உளவியல் மாணவருக்குக் கிடைக்காது. ஆனால் ஒரே நாளில் ஒரு குழு பார்க்கவேண்டிய கூட்டத்துக்கு நடுவே, கூட வந்த மாணவரின் நோட்டைத் திருத்த யாருக்கு நேரம்? தேசிய மனநலக் கணக்கெடுப்பை நிம்ஹான்ஸ் 2015-16ல் கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தியது. பெரியவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர்வரை சிகிச்சை பெறவில்லை. லட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவர்களாவது வேண்டும். இந்தியாவில் இருப்பது 0.75 என்று 2023ல் நாடாளுமன்றக் குழு சுட்டிக்காட்டியது. உளவியலாளர்களின் கதை இன்னும் மோசம். பயிற்றுவிக்க வேண்டியவர்களே பற்றாக்குறை என்றால், பற்றாக்குறையைத் தீர்க்கப் பயிற்சி பெறுபவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

பெட்டிமுடிக்குப் பிறகு

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. ஒரே குடும்பத்தில் பலரை இழந்தவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட நேரத்தில் உதவ வரும் இளைஞர்களில் உளவியல் மாணவர்களும் இருப்பது இயல்பு. எண்ணம் நல்லது. ஆனால் துயரத்தில் இருப்பவரிடம் “என்ன நடந்தது, முழுசாகச் சொல்லுங்கள்” என்று ஒரே மூச்சில் கேட்டு வாங்குவது உதவி அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. 2011ல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் எளிது. பாதுகாப்பான இடம், சாப்பாடு, போர்வை, உறவினர் பற்றிய தகவல் ஆகியவை கிடைக்க உதவு. பக்கத்தில் இரு. சொல்ல விரும்பினால் கேள், தோண்டாதே.

மேற்பார்வை இல்லாத மாணவருக்கு இங்கே இரண்டு ஆபத்து. தோண்டிவிட்டு, திறந்த காயத்தை மூடத் தெரியாமல் விட்டு வருவது ஒன்று. கேட்டதைத் தானே சுமந்துகொண்டு தூக்கம் கெட்டுத் திரும்புவது மற்றொன்று. தன் செல்போன் நம்பரைக் கொடுத்துவிட்டு நள்ளிரவு அழைப்புக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தவிப்பவர்கள் உண்டு. மேற்பார்வை நோயாளிக்கு மட்டும் காப்பு அல்ல. இருபத்திரண்டு வயது மாணவிக்கும் அதுவே காப்பு.

லயத்து வாழ்க்கையில் இன்னொரு சிக்கல். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். யார் எங்கே போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மலையாளம் மட்டும் தெரிந்த மாணவர் தமிழ் பேசும் பெண்ணிடம் பேச வேண்டுமென்றால் நடுவே ஒருவர் வேண்டும். அவர் பக்கத்து லயத்து அங்கன்வாடி ஊழியராக இருக்கலாம். சில சமயம் அந்தப் பெண்ணின் பள்ளி செல்லும் மகளே மொழிபெயர்ப்பாளர். அப்பா குடித்துவிட்டு அம்மாவை என்ன செய்தார் என்பதைக் குழந்தையின் வாயால் கேட்டு எழுதுவதா? ரகசியம் காக்கும் உரிமையை 2017 சட்டம் நோயாளிக்குத் தருகிறது. நோயாளிக்குச் சொல்லும் தகவல் அவருக்குப் புரியும் எளிய மொழியில் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து நிறைவேற ஒரே வழி, கேட்பவருக்கே அந்த மொழி தெரிந்திருப்பது.

யாருடைய அளவுகோல்?

பேச்சில் நேரும் தவறையாவது மறுநாள் திருத்தலாம். சோதனையில் நேரும் தவறு காகிதத்தில் ஏறிவிடும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதம் குறைபாடு இருந்தால்தான் பல சலுகைகளுக்குத் தகுதி. அறிவுத்திறன் குறைபாடா, கற்றல் குறைபாடா என்பதை முடிவு செய்ய உளவியல் சோதனை வேண்டும். இந்தியாவில் பல காலமாகப் புழங்கும் சோதனைகளில் பினே-காமத், மாலின் தழுவிய குழந்தைகளுக்கான நுண்ணறிவு அளவுகோல், பாட்டியாவின் செயல்திறன் சோதனைத் தொகுப்பு ஆகியவை உண்டு. இவற்றில் சில முழுக்க மொழியை நம்பியவை. சொல்லின் பொருள் கேட்கும், இரண்டு பொருள்களுக்கு என்ன ஒற்றுமை என்று கேட்கும்.

வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் எட்டு வயதுச் சிறுவன் இரண்டிலும் பாதிப் பாதி சொல்லறிவோடு இருப்பான். அவனிடம் ஒரே மொழியில் சொல்லறிவுச் சோதனை வைத்து மதிப்பெண் போட்டால் அவன் மந்தபுத்தி என்று வரும். அவனுக்கு இருப்பது இரண்டு மொழி. இதற்குத்தான் மரப்பலகையில் வடிவங்களைப் பொருத்தும் செகுவின் பலகை, வண்ணக் கட்டைகளை அடுக்கும் சோதனை போன்ற, பேச்சை நம்பாத சோதனைகளும் இருக்கின்றன. எதை எப்போது எடுப்பது, மொழிச் சோதனைக்கும் செயல் சோதனைக்கும் பெரிய இடைவெளி வந்தால் என்ன செய்வது என்பதை மேற்பார்வையாளர்தான் கற்றுத்தருவார். கூட்டிக் கழித்து ஒரே எண்ணாக எழுதிக் கொடுத்துவிடுவது சுலபம். அந்த எண் பையனின் சான்றிதழில் போய் உட்கார்ந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே குறைபாடு உள்ள குழந்தையை “மலையாளம் வராத பையன், போகப் போகச் சரியாகிவிடும்” என்று விட்டுவிட்டால் பென்ஷனும் போயிற்று, பயிற்சியும் போயிற்று. மூணாறில் தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக 1990களின் தொடக்கத்தில் எழுந்த ‘டேர்’ பள்ளி போன்ற இடங்கள், சரியாகக் கண்டறியப்பட்ட குழந்தை எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதற்குச் சாட்சி. அதன் மூத்த பிள்ளைகள் கைவினைக் காகிதம் செய்கிறார்கள், இயற்கைச் சாயத்தில் துணி தோய்க்கிறார்கள்.

அட்டப்பாடியின் பாடம்

மண்ணார்க்காட்டிலிருந்து கொண்டையூசி வளைவுகள் ஏறினால் அட்டப்பாடி. மறுபுறம் ஆனைகட்டி வழியே இறங்கினால் கோயம்புத்தூர். இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடிகள், சுமார் 190 குடியிருப்புகள். இருளர் மொழி தமிழுக்கு மிக நெருக்கம். இடுக்கியில் 2010ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியின் முதுவான் மக்கள் பேசுவதும் தமிழை ஒட்டிய மொழிதான். மலையாளத்தில் கேட்டால் தலையாட்டுவார்கள். தலையாட்டுவது சம்மதம் என்று நோட்டில் ஏறும்.

2018 பிப்ரவரி 22 அன்று அட்டப்பாடியில் மது என்ற பழங்குடி இளைஞர், அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டத்தால் பிடிக்கப்பட்டுக் கட்டிவைத்து அடிக்கப்பட்டார். போலீஸ் வண்டியில் கொண்டுபோகும்போது உயிர் பிரிந்தது. மனநலம் பாதிக்கப்பட்டிருந்த அவர் வீட்டை விட்டுக் காட்டில் தங்கியிருந்தவர். 14 பேர் குற்றவாளிகள் என்று மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கொன்றவர்களைச் சட்டம் பார்த்துக்கொண்டது. அதற்கு முன்பு அவர் காட்டில் தனியாக இருந்த காலம் முழுதும் யார் அவரைப் பார்த்தார்கள் என்ற கேள்வி நீதிமன்றத்தின் வேலை அல்ல. அது சுகாதாரத் துறையின் வேலை, கல்லூரிகளின் வேலையும்கூட. குடியிருப்புக்கு நடந்துபோய், அந்த மொழியில் பேசி, மாத்திரை நின்றுபோனவரைத் தேடிப்பிடிக்கும் ஆள்தான் இங்கே தேவை.

ஆள் இருக்கிறார்கள்

விசித்திரம் என்னவென்றால், தேவையானவர்கள் மலைக்கு இரு புறமும் இருக்கிறார்கள். கோவையிலும் மதுரையிலும் உளவியல் முதுகலை படிக்கும் தமிழ் மாணவர்கள் பயிற்சிக்கு இடம் தேடி அலைகிறார்கள். தேவிகுளத்திலும் சித்தூரிலும் இரண்டு மொழியும் வீட்டுமொழியாக வளர்ந்த பிள்ளைகள் பட்டப்படிப்புக்கு வந்துவிட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டுக் கல்லூரி தன் மாநில ஆஸ்பத்திரிக்குத்தான் கடிதம் கொடுக்கும். கேரள மாவட்டக் குழு தன் மாநிலத்து மாணவரையே முதலில் சேர்க்கும். மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேடோ மத்திய பதிவேடு. மருத்துவ உளவியலாளரின் பதிவு மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை.

நோயாளிகள் எல்லையைப் பார்ப்பதில்லை. தினமும் விடிகாலையில் ஜீப்களில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் மாலையில் தேனி மாவட்டத்துக்குத் திரும்பும் பெண்கள் எந்த மாநிலத்து நோயாளி? மாத்திரை ஒரு பக்கம், ஆலோசனை இன்னொரு பக்கம் என்று இருந்தால் இரண்டும் பாதியில் நிற்கும். தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் இடுக்கி மாவட்டக் குழுவும், கோவை ஆஸ்பத்திரியும் அட்டப்பாடிக் கோட்டத்தறை பழங்குடி ஆஸ்பத்திரியும் மாணவர்களையும் மேற்பார்வையாளர்களையும் பகிர்ந்துகொள்ள ஒரு புரிந்துணர்வுக் கடிதம் போதும். மாதம் ஒருமுறை இரு பக்கத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து பத்து நோயாளிகளைப் பற்றிப் பேசினாலே மாணவர்களுக்கு அது ஒரு செமஸ்டருக்குச் சமம்.

நேரில் வர முடியாத மேற்பார்வையாளர் வீடியோவில் வாரம் ஒரு மணி நேரம் கேட்பதும் இப்போது சாத்தியம். தடை இருப்பது ஆன்லைன் படிப்புக்கு. மாணவர் நோயாளியின் எதிரே இருந்து, மூத்தவர் தொலைவிலிருந்து திருத்துவது வேறு சங்கதி. மத்திய அரசின் டெலிமானஸ் சேவையே 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் தமிழ், மலையாளம் உள்ளிட்ட பல மொழிகளில் நடக்கிறது. போனில் மொழி தேர்ந்தெடுக்க முடிகிறபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் ஏன் முடியாது?

தேவை பெருகத்தான் போகிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் ஒருவரையாவது நியமிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. நாடு முழுதும் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டியிருக்கும். அவசரத்தில், அதாவது தமிழ் அவசரத்தில், நாலு வாரச் சான்றிதழ்களை வைத்து இடங்களை நிரப்பினால் எண்ணிக்கை சரியாகிவிடும். கேட்கத் தெரியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

செலவு பெரிதல்ல. மேற்பார்வையை மருத்துவ உளவியலாளரின் கூடுதல் சுமையாக இல்லாமல் அவருடைய வேலை நேரத்திலேயே ஒரு பகுதியாகக் கணக்கிடவேண்டும். எல்லையில் பயிலும் மாணவருக்குத் தங்க இடமும் சிறு உதவித்தொகையும் வேண்டும். இரு மொழியும் தெரிந்தவருக்கு முன்னுரிமை வேண்டும். மலையாள மாணவர் என்றால், வார்டுக்குப் போகுமுன் விஷமம், சங்கடம், புத்திமுட்டு போன்ற சொற்களின் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுக்கலாம். தமிழ் மாணவருக்கும் அதே பட்டியல், தலைகீழாக.

அந்தப் பாட்டி இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறார். அவரிடம் “மனசு எப்படி இருக்கு, பாட்டி?” என்று கேட்க ஒருவர் வேண்டும். அவர் சொல்லும் பதில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இன்னொருவர் வேண்டும்.